பஸ் வருதா?

அந்த பஸ்ஸும் நிற்கவில்லை. ஓட்டுநர் பிள்ளைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

"அக்கா, ஓடினா பிடிச்சிரலாம்!" என்று கத்திக்கொண்டே பெனி பின்னால் ஓடினான். அவனுக்கு ஆறு வயது. பிஜித் தீவின் சுவா நகரத்து மழை ரோட்டை வழவழவென்று ஆக்கியிருந்தது. வழுக்கி விழுந்தான். தாடை கிழிந்தது.

தோரிகா தம்பியைத் தூக்கி நிறுத்தினாள். சட்டை நுனியால் இரத்தத்தைத் துடைத்தாள். பிறகு தூரத்தில் போகும் பஸ்ஸைப் பார்த்து, "உன் நாலு டயரும் பஞ்சராகட்டும்!" என்று கத்தினாள்.

பஸ்ஸுக்கு ஆறு டயர். இருந்த கோபத்தில் அதுகூட மறந்துவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம்தான். அதனால் சீருடை கண்ணில் பட்டாலே சில ஓட்டுநர்களுக்கு பிரேக் இருக்கும் இடம் மறந்துபோகும்.

தோரிகாவுக்குப் பன்னிரண்டு வயது. ஏற்கெனவே இணையத்தில் இரண்டு கடை திறந்தவள். முதல் கடையில் அம்மா சுடும் தேங்காய்ப்பால் பன்னை விற்றாள். ஒரே ஒருவர்தான் வாங்கினார். அவர் பக்கத்து வீட்டு மாமா. வேலிக்கு மேலே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அடுத்தது, அளவு சிறுத்துப்போன சீருடைகளைப் பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பக்கம். அது நன்றாக ஓடியது.

மூன்றாவதை அன்றைக்கே தொடங்கினாள். பெனியின் தாடையில் அம்மா பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். 'பஸ் வருதா?' என்று பெயர் வைத்தாள். எந்த பஸ் வருகிறது, எது நிற்காமல் போனது என்று பிள்ளைகளே அதில் எழுதலாம். வகுப்புத் தோழி ஷாயல் படங்கள் வரைந்து கொடுத்தாள். கொஞ்ச நாளில் ஊரில் பாதிப் பள்ளிகள் அதில் எழுதின.

அப்போதுதான் நகராட்சியின் இளைஞர் பிரிவு அவளைக் கூப்பிட்டது. இளைஞர் விழாவில் 'இளம் தொழில்முனைவோர்' தோரிகா பேச வேண்டுமாம். என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் நின்று நின்று பழகினாள்.

விழாவை நடத்தியவர் துய்லாவு. இளைஞர் பிரிவின் தலைவர். "இளைஞர்களின் குரலைக் கேட்கவே இங்கே கூடியிருக்கிறோம்" என்று தொடங்கினார். அதன் பிறகு எல்லாரும் அவர் குரலைத்தான் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நடனமாட வந்த பிள்ளைகள் பூமாலையோடு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

கடைசியாக தோரிகாவின் முறை வந்தது.

"எங்க ஸ்டாப்புல பஸ் நிக்கறதே இல்ல. என் தம்பி கீழே விழுந்து..."

மைக் அவள் கையைவிட்டுப் போனது.

"ரொம்ப அழகா பேசினே பாப்பா!" என்றார் துய்லாவு. "மீதியை இன்னொரு நாள் கேப்போம். சாப்பாடு ஆறிப்போகுது. முதல்ல ஒரு போட்டோ. சிரி, சிரி!"

தோரிகா சிரிக்கவில்லை. மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. எல்லாரும் பல் தெரியச் சிரித்தார்கள். நடுவில் நின்ற தோரிகா மட்டும் யாரையோ கடிக்கப் போகிறவள் போல இருந்தாள்.

"அந்தாளு படத்துக்குப் பன்னி மூக்கு வரையறேன். 'பஸ் வருதா?'வுல போட்டுருவோம்டீ" என்றாள் ஷாயல்.

தோரிகாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"வேணாம். எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சிட்டு மறந்துருவாங்க. பஸ் அப்பவும் நிக்காது."

"பின்னே என்னதான் பண்றது?"

"என் கையிலேருந்து மைக்கைப் பிடுங்கினாருல்ல? எல்லார் கையிலயும் ஒரு மைக்கைக் குடுப்போம்."

'பஸ் வருதா?'வில் புதிதாக ஒரு பெட்டி திறந்தாள். மேலே ஒரே கேள்வி: 'மைக் கிடைச்சா நீ என்ன சொல்லுவே?'

பதில்கள் மழை போலக் கொட்டின.

'நடந்தே போறேன். என் ஷூ வாயைப் பொளந்துருச்சு.'

'பரீட்சைக்குப் போக முடியல.'

'டிரைவர் எங்களைப் பாத்து டாட்டா காட்டிட்டுப் போறாரு!'

வானொலியில் அவற்றை வாசித்தார்கள். சந்தையில் மீன் விற்கும் அம்மாக்கள் அதைக் கேட்டுக் கத்தியை ஓங்கி ஓங்கி வெட்டினார்கள். துய்லாவுக்குத் தொலைபேசி ஓயவில்லை. அவரே தோரிகாவின் பள்ளிக்கு வந்துவிட்டார்.

"பாப்பா, அதையெல்லாம் எடுத்துரு. உன்னை இளைஞர் தூதுவர் ஆக்கறேன். தோள்ல பட்டை போட்டுப் போட்டோகூட..."

தோரிகாவின் காது சூடானது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டதும் எங்க ஸ்டாப்புக்கு வாங்க சார். எங்ககூட நில்லுங்க. அப்புறமும் எடுன்னு சொன்னா எடுத்துடறேன்."

அவர் வந்தார். குடையோடு வந்தார்.

"முதல்ல எங்களுக்குப் பின்னாடி நில்லுங்க சார்" என்றாள் தோரிகா. பிள்ளைகள் எல்லாரும் முன்னால் நின்று கையைக் காட்டினார்கள். பஸ் விர்ரென்று போனது. குழியிலிருந்த சேற்றுநீர் பிள்ளைகளைத் தாண்டி, குடையைத் தாண்டி, துய்லாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"டிரைவர் கவனிக்கலை போல" என்றார் துய்லாவு, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"சரி சார். இப்ப நீங்க மட்டும் முன்னாடி நில்லுங்க. டேய், எல்லாரும் சுவருக்குப் பின்னாடி போங்க! பெனி, தலையை நீட்டாதே!"

அடுத்த பஸ் வந்தது. அழகாக, பூப்போல, துய்லாவின் காலடியில் நின்றது.

"ஏறுங்க சார், மழையில நனையறீங்களே" என்றார் ஓட்டுநர்.

சுவருக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள். ஓட்டுநரின் முகம் மாறியது.

"இடமில்ல, இடமில்ல! சார், நீங்க மட்டும் ஏறுங்க."

துய்லாவு உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அவர் தோரிகாவைத் திரும்பிப் பார்த்தார். பெனியின் தாடையில் இருந்த தழும்பைப் பார்த்தார். விழா மேடையில் யாரும் கேட்டிராத குரல் அப்போது அவரிடமிருந்து வந்தது.

"ஏம்பா, எனக்குக் கண்ணு இல்லைன்னு நினைச்சியா?"

வாசல் படியில் ஒரு காலை வைத்தார். "இந்தப் பிள்ளைங்க எல்லாம் ஏறி உக்கார்ற வரைக்கும் காலை எடுக்க மாட்டேன். உன் முதலாளியைக் கூப்பிடறதுன்னா கூப்பிடு. எனக்கும் அவர்கிட்ட பேச வேண்டியது நிறைய இருக்கு."

பெனி அவர் காலைத் தாண்டி முதல் ஆளாக ஏறினான். எல்லாரும் ஏறினார்கள். துய்லாவு கடைசியில் ஏறி, சொட்டச் சொட்டத் தோரிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பெட்டியை எடுக்கணுமா சார்?"

"எடுக்காதே" என்றார். குடையை மடக்கிக்கொண்டே, "அன்னிக்கு மீதியை நான் கேட்டிருக்கணும்" என்றார்.

அடுத்த இளைஞர் கூட்டம் பள்ளி மைதானத்தில் நடந்தது. பெரியவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பஸ் முதலாளியும் முழங்காலை மடக்கச் சிரமப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் பேசினார்கள். ஒருத்தி பேசும்போது அழுதுவிட்டாள். அழுது முடிக்கும்வரை மைக் அவள் கையிலேயே இருந்தது.

பஸ்கள் இப்போது நிற்கின்றன. ஆனால் தோரிகாவின் கோபம் ஓய்ந்துவிடவில்லை. போன திங்கட்கிழமை 'பஸ் வருதா?'வில் இன்னொரு பெட்டி திறந்தாள்: 'பெண்கள் கழிவறையில் கதவு எங்கே?'

அதில் இரண்டாவது பதில் வருவதற்குள், தலைமை ஆசிரியர் புதுக் கதவு ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடி வந்துகொண்டிருந்தார்.