கடைசிக் கொட்டகைக்குப் போன சைக்கிள்

"ஜீப்பு உள்ள போவாது. டிராக்டர் போற கரையும் உடைஞ்சு கெடக்கு. இவ்வளவு சாமானையும் யாரு தலையில வச்சுத் தூக்குறது?" என்றார் புயல் மீட்புக்கு வந்த ஜீப்பின் டிரைவர்.

கேட்டாரே ஒழிய, பதிலை எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. புளியந்துறைச் சாலை முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் ஜீப் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அதற்குள்ளே மிதவைச் சட்டைகள், ஒரு பெரிய கயிற்றுச் சுருள், தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி, டார்ச், கையில் பிடித்துப் பேசும் மைக் எல்லாம் குவிந்து கிடந்தன. ஆட்களை மீட்க வேண்டிய அத்தனையும் இருந்தது, போகத்தான் வழியில்லை. பாத்திகளுக்கு நடுவே இருந்த வரப்பு ஓர் ஆள் நடக்கிற அகலம்தான்.

உப்பளத்தின் மறுகோடியில், கடல் தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலை ஒட்டிக் கடைசிக் கொட்டகை. தண்ணீர் இறைக்க மோட்டார் போடும் காத்தமுத்துவும் நாலைந்து வேலையாட்களும் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சோறாக்கப் போன சந்திரமதி நிறைமாதக்காரி. மதியம் டிராக்டரில் திரும்பிவிடலாம் என்றுதான் போனாள். அதற்குள் கரை உடைந்துபோயிற்று. சாயங்காலம் புயல் கரையேறும்போது வாய்க்கால் பொங்கினால் அந்தக் கொட்டகை இருந்த இடம் தெரியாது. இதை யாரும் ஜீப் பக்கத்தில் நின்ற தமயந்திக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சந்திரமதி அவளுடைய கூடப் பிறந்த அக்கா.

"ஜெகபர் அண்ணே, உங்க லோடு சைக்கிளு எங்க நிக்குது?" என்றாள்.

சைக்கிள் கடை ஜெகபர் அவளை ஒரு பார்வை பார்த்தான். "என்னைக் கேக்குறியா, சைக்கிளைக் கேக்குறியா?"

"ரெண்டையுந்தான்."

ரெட்டைக் கம்பி போட்ட அந்தப் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். லோடு கட்டுவதில் ஜெகபரை அடிக்க ஆளில்லை. கேரியரின் இரண்டு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டு, கனமானதை அடியில் போட்டு, மிதவைச் சட்டைகளை மேலே அடுக்கி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினான். கட்டி முடித்த பிறகுதான், "டார்ச்சு எங்கண்ணே?" என்று தமயந்தி கேட்டாள்.

"அடியில."

"எந்தச் சாக்குல?"

ஜெகபர் தலையைச் சொறிந்தான்.

இருவரும் இறங்கினார்கள். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, அவள் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். வரப்பு வழுக்கியது. காற்று லோடைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தது. மழை முகத்தில் அறைந்தது. கொஞ்ச நேரத்திலேயே பின்னால் சாலையும் தெரியவில்லை, முன்னால் கொட்டகையும் தெரியவில்லை.

"வழி தெரியுமில்ல?" என்று கத்தினான் ஜெகபர்.

"நான் பொறந்து வளந்த அளம்ணே. மூணாவது அம்பாரத்துல திரும்பினா நேரா கொட்டகைதான்."

உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் வழி இப்படித்தான் சொல்வார்கள். உப்பு குவித்த அம்பாரம்தான் அங்கே அடையாளம். வேறு மரமா, வீடா, என்ன இருக்கிறது? கீற்று போட்டு மூடிய முதல் அம்பாரம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் திரும்பினார்கள். நேராகப் போனார்கள், போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். கொட்டகை வருவேனா என்றது. கடைசியில் வரப்பின் நடுவே ஒரு சைக்கிள் தடம் தெரிந்தது.

"அட, நமக்கு முன்னாடியே யாரோ சைக்கிள்ல போயிருக்காங்க" என்றாள் தமயந்தி சந்தோஷமாக.

ஜெகபர் குனிந்து பார்த்தான். "பின் டயர்ல ஒட்டுப் போட்ட எடம் பதிஞ்சிருக்கு. இது நம்ம டயரு, தாயி."

சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்திருந்தார்கள். தமயந்திக்கு இந்தப் பாத்திக்கும் அந்தப் பாத்திக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வழி எப்படித் தப்பியது? திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். புயல் வருகிறதென்று காலையில் ஓர் அம்பாரத்தையே லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஏற்றியது வேறு யாருமில்லை, அவளும் அவள் கூட்டாளிகளுந்தான். கூடை கூடையாகத் தன் தலையில் சுமந்து அனுப்பிய உப்பை மறந்துவிட்டு, அது இருந்த இடத்தை எண்ணாமல், நாலாவது அம்பாரத்தை மூன்றாவதென்று திரும்பியிருக்கிறாள்.

"நல்லா எண்ணுன போ" என்றான் ஜெகபர். அதற்கு மேல் திட்ட அவனுக்கும் மூச்சில்லை.

பதற்றத்தில் தமயந்தி மைக்கை உருவினாள். "அக்கா! நாங்க வந்துட்டோம், வெளிய வாங்க. எல்லாரும் வெளிய வாங்க."

இடப்பக்கம் யாரோ குரல் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்கள். உடனே அதே குரல் வலப்பக்கம் கேட்டது. மறுபடி திருப்பினார்கள். பிறகு முதுகுக்குப் பின்னால் கேட்டது. காற்று குரலை எங்கே எடுத்து எங்கே போடுகிறது என்று புரியவில்லை. திருப்புகிற அவசரத்தில் அவள் கால் வழுக்கி, மைக் பாத்திக்குள் விழுந்தது. எடுத்துத் தட்டிப் பார்த்தாள். ஒரு கரகரப்போடு அது வாயை மூடிக்கொண்டது.

விழுந்தபோது தண்ணீர் கொஞ்சம் அவள் வாய்க்குள்ளும் போயிருந்தது. துப்பப் போனவள் அப்படியே நின்றாள். நாக்கைச் சுருட்டியது அந்த உப்புக் கரிப்பு.

"அண்ணே, இது உப்பு விளையுற பாத்தி. வாய்க்கால் தண்ணி பாத்தி பாத்தியா மாறி வரவரத்தான் கரிக்கும். நாம இன்னும் ரோட்டுப் பக்கந்தான் நிக்கிறோம். கரிப்பு குறையுற பக்கம் போனா வாய்க்கால், வாய்க்கால்கிட்ட கொட்டகை."

ஜெகபர் கையால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தான். "மழைத் தண்ணியாட்டம் இருக்கே."

"மேல உள்ளது மழைத் தண்ணிதான். கனத்த தண்ணி அடியில கெடக்கும். கையை அடிவரைக்கும் விட்டு அள்ளுங்க."

அடியிலிருந்து அள்ளி வாயில் வைத்தவன் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த நிலையிலும் தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒவ்வொரு வரப்புச் சந்தியிலும் நின்று, அடித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, கரிப்பு குறைந்த பக்கமாகச் சைக்கிளைத் தள்ளினார்கள். நாக்கு வெந்துபோனது. ஆனால் தண்ணீர் மெல்ல மெல்லக் கடல் தண்ணீராகிக்கொண்டு வந்தது. மோட்டார் நிற்கும் மேடு தெரிந்தது. மேட்டின் மேல் கடைசிக் கொட்டகையும் தெரிந்தது.

"அக்கா!" என்று கத்திக்கொண்டே தமயந்தி உள்ளே ஓடினாள்.

கொட்டகையில் ஒருவரும் இல்லை.

அடுப்பில் சோற்றுப் பானை இன்னும் சூடாக இருந்தது. அக்காவின் செருப்பு வாசலில் கிடந்தது. வாய்க்கால் மேட்டை நக்கிக்கொண்டிருந்தது. தமயந்திக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இப்போதுதானே இருந்திருக்கிறார்கள்? இந்த மழையில் செருப்புகூடப் போடாமல் எங்கே போவார்கள்? போ என்று யார் சொன்னது?

யார் சொன்னது என்று நினைத்ததுமே அவள் அந்தச் செத்துப்போன மைக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, நான்தான்ணே. நான்தானே மைக்குல வெளிய வாங்க, வெளிய வாங்கன்னு கத்துனேன். அதைக் கேட்டுத்தான் எறங்கியிருக்காங்க. அவங்க நம்மளைத் தேட, நாம அவங்களைத் தேட..." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "வரப்பெல்லாம் முங்கிக்கிட்டு வருது. அவ வயித்துப் புள்ளையோட எங்க நிக்கிறாளோ."

"நான் போய்ப் பாக்குறேன்" என்று ஜெகபர் கயிற்றை எடுத்தான்.

தமயந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்ணே. நாமளும் எறங்கினா விடியவிடிய ஒருத்தரை ஒருத்தர் சுத்த வேண்டியதுதான். யாராவது ஒருத்தர் ஒரே எடத்துல நிக்கணும். நாம நிப்போம். நாம நிக்கிறது மட்டும் அவங்களுக்குத் தெரியணும்."

சாக்கைக் கொட்டி டார்ச்சைத் தேடினார்கள். எப்படியோ கிடைத்தது. அழுத்தினால் எரியவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி இல்லை.

"பேட்டரி எங்கண்ணே?"

"மைக்குக்குப் போட்டேன்" என்றான் ஜெகபர், தரையைப் பார்த்துக்கொண்டு. மைக்கைத் திறந்தார்கள், உள்ளிருந்து உப்புத் தண்ணீர்தான் கொட்டியது.

இருவரும் ஒரே நேரத்தில் சைக்கிளைப் பார்த்தார்கள். அதன் பின்சக்கரத்தில் டைனமோ இருந்தது.

லோடையெல்லாம் இறக்கிவிட்டு, மேட்டின் உச்சியில் சைக்கிளைச் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்கள். முன்விளக்கு அளத்தைப் பார்த்தது. ஜெகபர் ஏறி உட்கார்ந்து மிதித்தான். எங்கேயும் போகாத அந்தச் சைக்கிளை உயிர் போகிற வேகத்தில் மிதித்தான். விளக்கு மினுக்கி, மங்கி, பளீரென்று எரிந்தது. தமயந்தி ஹேண்டில்பாரைப் பிடித்து விளக்கை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பினாள். ஜெகபருக்கு மூச்சு வாங்கியதும் அவள் ஏறி மிதித்தாள். அவள் ஓய்ந்ததும் அவன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் மேட்டின் பாதிக்கு ஏறியது. ஓடிப்போய்த் தேடலாமா என்று அவளுக்குக் கால் துடித்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு மிதித்தாள்.

மழைக்குள் ஏதோ அசைந்தது. முதலில் காத்தமுத்துவின் தலைப்பாகை தெரிந்தது. அவர் பின்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வரிசையாக ஆட்கள். நடுவில், இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு சந்திரமதி.

காத்தமுத்து மேடேறியதும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "வெளிய வா, வெளிய வான்னு கத்துனவ எவ?"

"நான்தான் மாமா."

"நல்லா கத்துன போ. எந்தப் பக்கம்னு தெரியாம அளம் பூரா சுத்திட்டோம். இந்த வெளக்கு ஒண்ணுதான் எடம் மாறாம நின்னுச்சு."

தமயந்தி அக்காவைக் கட்டிக்கொண்டாள். "அழுவுறதை அப்புறம் வச்சுக்க, எனக்கு இடுப்பு கடுக்குது" என்றாள் சந்திரமதி. மிதவைச் சட்டையை மாட்டினால் வயிற்றுக்கு மேல் வார் எட்டவில்லை. தமயந்தி தன் தாவணியைக் கிழித்து வாரோடு முடிச்சுப் போட்டாள்.

திரும்புகாலுக்கு வழி சுலபம். இப்போது கரிப்பு கூடுகிற பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். தார்ப்பாயை மடித்துக் கேரியரில் மெத்தை போட்டுச் சந்திரமதியை உட்கார வைத்தார்கள். கயிற்றைச் சைக்கிளில் கட்டி ஆளுக்கொரு பிடி பிடித்துக்கொண்டார்கள். காத்தமுத்து ருசி பார்த்து வழி சொல்ல, ஜெகபர் தள்ள, வரப்பு முழங்கால் தண்ணீருக்குள் இருந்தபோதும் ஒருவர்கூட வழுக்கவில்லை. ஜீப் விளக்கு கண்ணில் பட்டபோது பின்னால் ஒரு பெரிய சத்தம் கேட்டது. கடைசிக் கொட்டகை வாய்க்காலோடு போனது.

சந்திரமதியை ஜீப்பில் ஏற்றியதும் டிரைவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்த மழையில இது எப்புடிய்யா ஓடுச்சு?"

"ஓடுன வரைக்கும் வம்புதான் சார்" என்றான் ஜெகபர், உப்பில் வெந்த நாக்கோடு. "நின்னப்பதான் வேலைக்கு ஆச்சு."

அடுத்த வருஷமும் புயல் எச்சரிக்கை வந்தது. மைக்கை மறுபடி தமயந்தியிடம்தான் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கூடத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சந்திரமதிக்குத் தங்கச்சியின் குரல் தெருவிலிருந்து கேட்டது.

"இருக்குற எடத்தை விட்டு யாரும் நகராதீங்க. நாங்க தேடி வர்றோம்."

சந்திரமதி சிரித்துக்கொண்டே மகளின் காதில், "கேட்டியாடி, உன் சித்தி இப்பத்தான் ஒழுங்கா கூப்புடுறா" என்றாள்.