ரொட்டியா, மழையா?

கோவில்பட்டி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பரோட்டாக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது மறப்பு நிலையம். விடிந்ததும் விடியாததுமாக அங்கே முடிதிருத்தும் கடை போலக் கூட்டம் கூடிவிடும். ஒருவர் துப்பறியும் நாவலின் முடிவை மறந்துவிட்டு மறுபடி படிக்க வந்திருப்பார். இன்னொருவர் தோற்றுப்போன தேர்தலை மறக்க வந்திருப்பார். "நீங்க மறந்தாலும் ஊரு மறக்காதே அண்ணாச்சி" என்று கேலி பேசிக்கொண்டே, நிலையத்தை நடத்தும் அஸ்லம் அவர் தலையில் மின்தொப்பியை மாட்டுவார். எடுத்த நினைவு ஒரு கண்ணாடிச் சிமிழுக்குள் போய்விடும். வேண்டும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

அன்று செண்பகவல்லியும் ஜெசிந்தாவும் வந்தது அரசு வேலையாக. நிலாக் குடியிருப்பின் நூலகத்தில் இடம் குறைவு. ஒரே பெயரில் பல தொலைக்காட்சித் தொடர்கள் வந்திருந்தால், அந்தக் குடும்பத்திலிருந்து ஒரே ஒரு தொடரைத்தான் ராக்கெட்டில் ஏற்றுவார்கள். எதை ஏற்றுவது என்று தீர்ப்புச் சொல்ல ஊர் ஊராக நடுவர்களை எடுத்தார்கள். ஆனால் சின்ன வயதில் பார்த்ததுதான் எவருக்கும் உலகத்திலேயே சிறந்த தொடர். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள்: நடுவர் முதல்முறையாகப் பார்ப்பவராக இருக்க வேண்டும். ஏற்கனவே பார்த்தவர்கள் அதை மறந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இருவருக்கும் வாய்த்த குடும்பம் 'சுடர்ச் சிறுமியர்'. தமிழில் குரல் கொடுத்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன். பள்ளிக்கூடச் சிறுமிகள் மந்திரக்கோலைச் சுழற்றினால் உடை மாறும், தலைமுடியின் நிறம் மாறும்; உடனே பூதங்களோடு மல்லுக்கு நிற்பார்கள். அதில் மூன்று தொடர்கள். 'மழை' தொடரில் நீலச் சிறுமி தோழிக்காகத் தன் சக்தியையே விட்டுக்கொடுப்பாள். பார்ப்பவர் அழாமல் எழுந்ததில்லை. 'ரொட்டி' தொடரில் மந்திரக்கோலே பூரிக்கட்டைதான். பூதத்தை அடிக்காமல், சூடான பன் கொடுத்துத் திருத்திவிடுவார்கள். மூன்றாவது, இந்தியாவுக்கென்றே பிற்பாடு எடுத்த 'கிரிக்கெட்'. அது குப்பை என்பதில் மட்டும் செண்பகத்துக்கும் ஜெசிந்தாவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

செண்பகம் மழைக் கட்சி. ஜெசிந்தா ரொட்டிக் கட்சி. ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அன்று தொடங்கிய சண்டை அது. செண்பகம் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர் ஆனாள், ஜெசிந்தா தையல் கடை போட்டாள், இருவருக்கும் தலையும் நரைத்தது. சண்டை மட்டும் ஓயவில்லை. இந்தத் தடவை முடித்துவிடலாம் என்றுதான் இருவரும் பெயர் கொடுத்தார்கள்.

"மறந்துட்டுப் பாரு, நீயே மழைக்குத்தான் ஓட்டுப் போடுவ" என்றாள் செண்பகம்.

"ஏட்டி, நிலாவுல தண்ணிக்கே பஞ்சமாம். அங்க போயி பிள்ளைகள அழவைக்கணுமாக்கும்?"

அஸ்லம் தொப்பிகளைத் துடைத்தபடி சொன்னார். "அக்கா, முன்கூட்டியே சொல்லிருதேன். நினைவுங்கிறது நூல்கண்டு மாதிரி. ஒண்ண இழுத்தா, கூடச் சிக்கிக் கெடக்கிறதும் சேந்து வந்துரும். தீர்ப்பு முடிஞ்சப்புறம் பழச ஏத்திக்கிட்டீங்கன்னா, இங்க இருந்த நாளெல்லாம் அழிஞ்சிரும். புதுசே போதும்னா பழசு போயிரும். ரெண்டையும் சேத்து வைக்க மண்டை தாங்காது."

"எங்க மண்டை எம்புட்டோ தாங்கிருக்கு தம்பி. நீங்க மாட்டுங்க" என்றாள் ஜெசிந்தா.

அந்தத் தொடரில் சிக்காத நினைவு ஒன்றுகூடத் தங்களுக்குள் இல்லை என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

செண்பகம் கண் திறந்தபோது, எதிரே பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். முன்பின் பார்த்த முகமாக இல்லை.

"நீங்களும் நடுவரா? எந்த ஊருங்க?"

"இதே ஊருதாங்க. ஆச்சரியமா இருக்கு, உங்கள நான் பாத்ததே இல்லயே!"

தீர்ப்பு வரும்வரை நடுவர்கள் நிலையத்தின் மாடியிலேயே தங்க வேண்டும். மரியாதையாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் எந்த இடத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. பூரிக்கட்டையைச் சுழற்றிய முதல் காட்சியிலேயே செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். பணிமனையில் ஓட்டுநர்கள் முறைத்துக்கொண்டால் தானும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துத்தானே தீர்த்துவைக்கிறாள்! "இதுல்லா கதை! அடிக்காம பசியாத்தி அனுப்புதாவ பாரு" என்றாள். பச்சைச் சேலைக்காரியோ, நீலச் சிறுமி சக்தியை விட்டுக்கொடுத்த இடத்தில் முந்தானை நனைய அழுதாள். "ஏட்டி, ஒனக்குக் கல்லு நெஞ்சு!" என்று மூக்கைச் சிந்தினாள். கீழே அஸ்லம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது மாடிவரை கேட்டது. இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று செண்பகம் நினைத்தாள்.

மாநிலம் முழுவதும் ஓட்டுகளை எண்ணி முடிவு வந்தது. நிலாவுக்குப் போவது 'கிரிக்கெட்'.

"கிரிக்கெட்டா!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். பரோட்டாக் கடையில் கொத்துச் சத்தம் ஒரு கணம் நின்றுவிட்டுத் தொடர்ந்தது.

அதன் பிறகு மேசைமேல் இரண்டு சிமிழ்கள் வந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று அஸ்லம் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

"எனக்குப் பழசு வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா. "அதுல என்னத்தப் பெருசா இருந்துறப் போகுது? இத ஏத்துனா ஒன்ன மறந்துருவேன்லா."

செண்பகத்துக்கும் அதுதான் கவலை. இத்தனை வயதுக்குமேல் வாயாடி ஒருத்தி கிடைத்திருக்கிறாள். அவளை ஒரு சிமிழுக்காக விடுவதா? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்தாள். ஒரு துண்டை முழுதாகத் தன் வாயில் போட்டாள். இன்னொன்றை மேசை விளிம்பில் குத்தி, பொடிப்பொடியாக நொறுக்கி, செண்பகத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

செண்பகம் கையையே பார்த்தாள்.

"எனக்குக் கடவாப்பல்லு ஆடுதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலயே." ஜெசிந்தா மெல்லுவதை நிறுத்தினாள். "ஒனக்குன்னா நொறுக்கித்தான் குடுக்கணும்னு கை பாட்டுக்குச் செய்யுது."

அஸ்லம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

செண்பகம் தன் சிமிழைக் கையில் எடுத்தாள். "ஏத்திக்கிடுவோம்."

"ஒன்ன மறந்துட்டா?"

"மறந்தா, மறுபடி சண்டை போட்டுப் பழகிக்கிடலாம். மாட்டுங்க தம்பி."

மறுபடி கண் திறந்தபோது, எதிரே ஜெசிந்தா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா? தம்பி, இவ மழைக்குத்தான் போட்டிருப்பா, சொல்லுங்க" என்றாள் செண்பகம்.

இப்போது சொல்லலாம். அஸ்லம் சொன்னார். செண்பகம் ஓட்டுப் போட்டது ரொட்டிக்கு. ஜெசிந்தா ஓட்டுப் போட்டது மழைக்கு.

இருவரும் ஒரே நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

"பாத்தியா, எங்கட்சிக்கு வந்துட்ட!" என்றாள் ஜெசிந்தா.

"நீ மட்டும்? முந்தானையில அழுத கறை இன்னும் போகல, பாரு!"

"அது வேர்வைட்டி!"

ஜெயித்தது கிரிக்கெட் என்று அஸ்லம் சொன்னதும், இருவரும் ஒன்றாகத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். நிலாவில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஜெசிந்தா கொஞ்சம் வருத்தப்பட்டாள். படியிறங்கும்போதுதான் செண்பகத்துக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஏன் தம்பி, மாடியில நாங்க ஒருத்தர ஒருத்தர் அடையாளம் தெரியாமயா இருந்தோம்?"

"ஆமாக்கா. சுத்தமா தெரியல."

"அப்ப சண்டை போடாம ஒழுங்கா இருந்திருப்போம், என்ன?"

அஸ்லம் சிரித்தார். "எங்க இருந்தீங்க, அக்கா? முதல் நாள் முதல் பாட்டு முடியிறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்க."