யாரும் ஏற்றாத கலங்கரை விளக்கம்

காலை பத்தே முக்கால். மணிலாவில் சர்வதேசச் சட்டக் கருத்தரங்கு. பேராசிரியர் தும்லாவ் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷமே கடைசி வரிசையில் இருந்த இளம் விரிவுரையாளர் அமிஹான் பாதி எழுந்துவிட்டாள். அத்தனையும் அவள் எழுதியது! தகராறுத் தீவைச் சுற்றி மீன் பிடிக்கும் உரிமை யாருக்கு என்று வருஷக்கணக்காய் மண்டையை உடைத்து எழுதியது.

மதியம் அவளும் அதைத்தான் பேசியாக வேண்டும். காப்பி அடித்தவள் என்று பெயர் விழுந்தால் நாளைய நிரந்தர வேலை நேர்காணல் அம்பேல்.

மதிய அமர்வின் தலைவி வழக்கறிஞர் பெர்லா அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"அழாதடி. யாருக்குக் காட்டின?"

"யாருக்கும் இல்லக்கா. சட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு மட்டும்தான் அனுப்பினேன். பேர் தெரியாத மதிப்பீட்டாளர் கிழிச்சுத் தொங்கவிட்டாரு. தேறாதுன்னு திருப்பிட்டாங்க."

"எதைக் கிழிச்சாரு?"

"கலங்கரை விளக்கப் பகுதிய. அப்பவே தூக்கிட்டேன். இன்னிக்குப் பேசறதுல அது இல்ல."

பெர்லா, பத்திரிகை ஆசிரியர் தெயோதோரோவைப் பிடித்தாள். "மதிப்பீட்டாளர் யாரு?"

"கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். அந்த ரகசியம் போனா பத்திரிகையே போச்சு." அவர் பிபிங்கா என்ற அரிசிக் கேக்கைப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டார்.

அடுத்துத் தும்லாவைக் கேட்டாள். அவர் சிரித்தார். "அந்தப் பொண்ணு கட்டுரைய நான் கண்ணால கண்டதில்லம்மா. ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வரக்கூடாதா?"

மதியம் அமிஹான் பேசினாள். வயிறு முட்டப் பன்றிக்கறி தின்ற தும்லாவ் முன்வரிசையில் சுகமாகத் தூங்கி, கைதட்டலில் விழித்தார்.

பெர்லா ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டினாள். "இவ வாதத்துல ஓட்டை எங்க சார்? உங்கள விட்டா யாரு சொல்லுவா?"

ஓட்டை எங்கே என்று கேட்டால் எந்தப் பேராசிரியர் சும்மா இருந்திருக்கிறார்? தூங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கு மனசு வரும்?

"கலங்கரை விளக்கம் கட்டினா தீவு சொந்தமாயிடுமா? மொத்த வாதமும் அங்கதான் சரியுது!"

அரங்கம் திருதிருவென்று விழித்தது.

"சார், இவ அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. காலையில நீங்களும் பேசல. பத்திரிகைக்குப் போன பிரதியில மட்டும்தான் அது இருந்தது. படிச்சது ஆசிரியரும் மதிப்பீட்டாளரும். கண்ணால காணாத உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

தும்லாவ் முகம் வெளிறித் தெயோதோரோவை முறைத்தார். "நீ சொல்லிட்டியா?"

"நான் வாயே திறக்கலையே சார்! நீங்கதான் திறந்தீங்க."

இரண்டாம் வரிசையில் இருந்த நேர்காணல் குழுத் தலைவி, எல்லோரையும் விலக்கிக்கொண்டு அமிஹானிடம் வந்தாள்.

"நாளைக்குக் காலைல நேரத்துக்கு வந்துடும்மா. அந்தக் கலங்கரை விளக்கத்தையும் எடுத்துட்டு வா."