மஞ்சக்கோடு கையெழுத்துப் போடவில்லை

காலை 10 மணி 42 நிமிடம். ஆப்பு ஓடுபாதையை விட்டு இறங்கியது. புல்தரையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி நின்றது.

பக்கவாட்டில் பார்த்தால் மரம் பிளக்கும் ஆப்பு மாதிரியே இருக்கும் என்பதால் அந்தக் காருக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்தைந்து. சீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், ஆறு கார்புரேட்டர், ஒரு ஆளின் இடுப்பளவுக்கு மேல் வராத உயரம். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் என்று அந்தக் காலத்து விளம்பரம் சொன்னது. போனதைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. விமானங்கள் வராமல் போன இந்த ஓடுபாதையில் இன்று அதைக் காட்டியே தீருவது என்று, பதினான்கு மாதம் அந்தக் காரின் வயிற்றுக்குள் தலையை விட்டுக் கிடந்தாள் ஒரு பெண் மெக்கானிக். இன்று ஓட்டியவள் அவளுடைய தங்கை.

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். இறுக்கிய ஒவ்வொரு திருகின் மேலும், அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேலும் சேர்த்து, மஞ்சள் பெயிண்டால் ஒரு மெல்லிய கோடு இழுப்பாள். திருகு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். அதனால் மஞ்சக்கோடு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்ததுதான். அவள் அதையே போர்டில் எழுதிப் பட்டறை வாசலில் மாட்டிவிட்டாள்.

10:46. தங்கையை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வலது கை முறிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"எவ்வளவுக்கா போச்சு?"

"தெரியல. வேகக் கருவியிலேர்ந்து டீச்சர் சீட்டை எடுக்கறதுக்குள்ள ஓடி வந்துட்டேன்."

"வேகம் பாக்கற கடைசி விளக்கைத் தாண்டினதும் பின்னாடி இடது டயர் அப்படியே தொளதொளன்னு ஆயிடுச்சுக்கா." கொஞ்சம் தயங்கினாள். "நீ காத்து சரியாப் பாத்தல்ல?"

"பாத்தேன்டி."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

அந்தச் 'சும்மா' மஞ்சக்கோட்டின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஊர் முழுக்கச் சந்தேகப்படட்டும், தூசு. இவள் சந்தேகப்பட்டால் இனி ஸ்பேனரைத் தொடுவதில் அர்த்தமே இல்லை.

11:30. பழைய விமானக் கொட்டகை. ஆப்பைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பின் இடது டயர் கந்தல். உடம்பெல்லாம் கன்னங்கரேல் என்று ரப்பர் தூள். பக்கத்தில் இன்ஸ்பெக்டர், கையில் நோட்டு. அவருக்குக் காரைப் பற்றி அதிகம் தெரியாது. தெரியாது என்பதை ஒளிக்காத அபூர்வமான மனிதர்.

காரின் சொந்தக்காரர், பல் டாக்டர், ஒரு தாளை நீட்டினார். குரலில் தேன் வழிந்தது.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. 'டயரில் காற்றைச் சரிபார்க்கத் தவறியது என் கவனக்குறைவு.' அவ்வளவுதான். கேஸ் எதுவும் வேண்டாம். நான் மன்னிச்சுட்டேன்."

"நான் கேக்காத மன்னிப்பை எதுக்கு டாக்டர் குடுக்கறீங்க? நீங்களே வெச்சுக்கங்க."

"போடலன்னா நான் விசாரிச்சுதான் ஆகணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க லைசென்ஸ் போகலாம். தங்கச்சி உயிர் போயிருந்தா அதுவும் உங்க தலையிலதான்."

"விசாரிங்க. நானும் கூடவே விசாரிக்கிறேன்."

"ஒரு மணிக்கு நான் கிளம்பணும்."

"தாராளம்."

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"காத்து எப்ப அடிச்சீங்க?"

"எட்டு அம்பது. நாலு டயருக்கும் அடிச்சு, கேஜ்ல பாத்து, வால்வு மூடியை இறுக்கி, கோடு இழுத்தேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நான்கு சக்கரத்திலும் இரும்பு மூடி இருந்தது. மூடிக்கு மூடி மஞ்சள் கோடும் இருந்தது. நன்றாக இருந்த மூன்று டயர்களையும், மூடியைத் தொடாமல், கட்டையால் தட்டிப் பார்த்தார்கள். காற்று கச்சிதம்.

"இடது பின் டயர்ல அடிக்க மறந்துட்டீங்களா?"

"நாலு பேருக்குத் தட்டு வெச்சவ மூணு பேருக்கு மட்டும் பரிமாறிட்டு எந்திரிப்பாளா?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஆள் காதுக்காரர். இன்னொரு பட்டறை முதலாளி. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவேன் என்பவர், பாதி நேரம் சரியாகவும் சொல்வார். இந்தக் கார் இருநூற்று எழுபதைத் தாண்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று ஊரெல்லாம் சவால் விட்டிருந்தார்.

"காருகிட்ட போனீங்களா?"

"ஒன்பதேகாலுக்குப் போனேன். எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. கேட்டேன்."

"எதுக்கு?"

"ஒரு கார்புரேட்டராவது பிசிறடிக்காதான்னுதான்." மூக்கைச் சொறிந்தார். "அடிக்கல. பன்னெண்டும் ஒரே மூச்சு. எரிச்சலா இருந்துச்சு, வந்துட்டேன்."

"டயரைத் தொட்டீங்களா?"

"எனக்கு அவளைப் பிடிக்காது சார். அதுக்காக ஒரு பொண்ணு உள்ள உக்காந்து ஓட்டற வண்டியில கை வைக்கற அளவுக்கு நான் கெட்டுப் போயிடல."

அடுத்து டாக்டர்.

"ஒன்பதரைலேர்ந்து பத்து வரைக்கும் போட்டோ எடுத்தேன். அதுக்கு முன்னாடி நானே கையால துடைச்சேன். இந்தக் காருல ஒவ்வொரு பொருளும் அது பொறந்தப்ப இருந்த மாதிரியே இருக்கணும் இன்ஸ்பெக்டர். அதுதான் அழகு. இந்த மஞ்சக் கோட்டையெல்லாம் அழிச்சுடும்மான்னு ரெண்டு தடவை சொன்னேன். கேக்கல."

"அழிச்சா நான் தூங்க மாட்டேன்னு சொன்னேன்," என்றாள் மஞ்சக்கோடு.

கடைசியாக டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேகம் குறிக்கும் கருவி அவர் பொறுப்பு. விபத்து நடந்ததும் வேகச் சீட்டை உறையில் போட்டு ஒட்டி மடியில் வைத்துக்கொண்டவர், இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

"விபத்துக்கு அப்புறம் என்ன பாத்தீங்க?"

"எல்லாரும் அந்தப் பொண்ணுகிட்ட ஓடினாங்க. டாக்டர் மட்டும் காருகிட்ட போனார். சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொரு சக்கரத்துகிட்டயும் குந்தி உக்காந்தார். அழறார்னு நெனச்சேன், பாவம்."

"எவ்வளவு நேரம்?"

"10:43-லேர்ந்து 10:47 வரைக்கும்."

12:20. இன்ஸ்பெக்டர் டீ குடிக்க வெளியே போனார். மஞ்சக்கோடு கந்தலான சக்கரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தங்கையின் 'சும்மா' காதுக்குள் குடைந்தது. நிஜமாகவே மறந்திருப்பேனோ? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்தது. அந்த நொடியை அவள் ஆயுசுக்கும் மன்னிக்கப் போவதில்லை.

விரலை வைத்து இழுத்தாள். சக்கரம் முழுக்கக் கரி. விரல் கறுத்தது. வால்வு மூடியைத் தொட்டாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

மூடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு எழுந்து மற்ற மூன்று சக்கரத்தையும் குனிந்து பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. சந்தேகம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது, ஜம்மென்று.

12:45. எல்லோரையும் காரைச் சுற்றி நிற்க வைத்தாள்.

"சார், இந்தச் சக்கரம் முழுக்கக் கரி. டயர் கிழிஞ்சப்ப அடிச்சது. மூடி மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு?"

இன்ஸ்பெக்டர் தொட்டுப் பார்த்தார். "டயர் கிழிஞ்சப்ப இந்த மூடி இங்க இல்ல."

"இல்ல. அப்புறமா வந்து உக்காந்திருக்கு. இப்ப கோட்டைப் பாருங்க. மூடி மேலயும் வால்வு மேலயும் சேத்து ஒரே இழுப்புல இழுத்தது நான். மூடியில கோடு ஒரு பக்கம், வால்வுல கோடு இன்னொரு பக்கம். மூடியில மஞ்சள் இருக்கான்னுதான் எல்லாரும் பாத்தீங்க. கோடு சேருதான்னு யாரும் பாக்கல. நாலு சக்கரத்துலயும் இதே கதைதான்."

"நாலுலயுமா?"

"ஆமா. நாலையும் கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க."

காதுக்காரர் குறுக்கே வந்தார். "மூடி இல்லாட்டி என்ன? ஊர்ல பாதி வண்டி மூடி இல்லாமதான் ஓடுது."

"ஊர் வண்டி எண்பதுல ஓடும்ணே. முந்நூறுல இந்தச் சக்கரம் செகண்டுக்கு நாப்பது சுத்து சுத்தும். எல்லாமே வெளிப்பக்கம் பிச்சுக்கிட்டுப் போகப் பாக்கும். வால்வுக்குள்ள ஒரு ஊசி இருக்குல்ல, அரை கிராம் தேறும். சக்கரத்துக்கு வெளிப்பக்கம்னா ரிம்முலேர்ந்து டயர் பக்கம்தான்; அந்த வேகத்துல அது அரை கிலோ கனத்துல டயருக்குள்ள நகரப் பாக்கும். காத்து இறக்க நகத்தால அமுக்குவோமே, அதே பக்கம். வால்வு தானாத் திறந்துக்கும். அப்ப காத்தை நிறுத்தறது உள்ள ரப்பர் வெச்ச இந்த இரும்பு மூடி ஒண்ணுதான்."

காதுக்காரர் தன்னையறியாமல் தலையாட்டினார்.

"சரி, யாரு கழட்டினது?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் பார்வை காதுக்காரர் மேல் போனது.

"அவரு இல்ல சார். கவுக்கணும்னு நெனைக்கறவனுக்கு ஒரு மூடி போதும். நாலையும் கழட்டறவன் கவுக்க வரல. நாலும் ஒரே மாதிரி அழகா இருக்கணும்னு வந்திருக்கான்." அவள் திரும்பினாள். "போட்டோவுக்கு என் மூடி அசிங்கமா இருந்துச்சு. இல்லையா டாக்டர்? அதான், காரோட கூடவே வந்த பழைய பிளாஸ்டிக் மூடியைப் போட்டீங்க. நாப்பத்தஞ்சு வருஷத்துப் பிளாஸ்டிக். ஒண்ணு உடைஞ்சு பறந்துடுச்சு."

"இது அபாண்டம்," என்றார் டாக்டர். தேன் வற்றியிருந்தது.

"கார் நின்னதும் எல்லாரும் என் தங்கச்சிகிட்ட ஓடினாங்க. நீங்க நாலு சக்கரத்துகிட்டயும் குந்தினீங்க. அழறதுக்கு எதுக்கு நாலு இடம்? பட்டறையில எனக்குக் காட்டினீங்களே, அந்தப் பழைய மூடி டப்பா, அது உங்க சட்டைப் பையில இருக்கும். அதுல மூணு மூடி இருக்கும். பழைய பொருளைத் தூக்கிப் போட உங்களுக்குக் கை வராது."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். டாக்டர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு மெல்ல ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே வெல்வெட் துணி. நான்கு குழிகள். மூன்று கறுப்பு மூடிகள்.

"ஓடறதுக்கு முன்னாடி மாத்திடலாம்னுதான் இருந்தேன்," என்றார் டாக்டர். "போட்டோ பாத்துக்கிட்டே மறந்துட்டேன். ஒரு மூடிதானேன்னு..."

"மறந்தது தப்பு. அதை நான் மன்னிச்சிருப்பேன்." மஞ்சக்கோடு அந்தத் தாளை எடுத்தாள். "தெரிஞ்சே இதை எழுதிக் கொண்டாந்து, என் தங்கச்சியை நானே கொல்லப் பாத்தேன்னு என் கையாலயே ஒத்துக்கச் சொன்னீங்களே. அதுக்கு மன்னிப்பு கிடையாது. இன்னைக்கும் கிடையாது, என்னைக்கும் கிடையாது."

அவள் தாளைக் கிழிக்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள்.

"இது சாட்சி. பத்திரமா வெச்சுக்கங்க."

12:58. டாக்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். டீச்சர் உறையைப் பிரித்துச் சீட்டை நீட்டினார். மஞ்சக்கோடு படித்தாள். காதுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் மீசையைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, என்னாச்சு?"

"காத்து பாத்தேன்டி. நாலு டயருக்கும் பாத்தேன்."

தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் அப்படிக் கேட்டிருக்கவே கூடாதுக்கா."

"கேட்டதுதான் நல்லது. கேக்கலன்னா கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். சீட்டைப் படிக்கட்டுமா?"

"படி, படி!"

"முந்நூத்தி ரெண்டு புள்ளி நாலு."

போனில் கேட்ட கத்தலுக்கு நர்ஸ் ஓடி வந்து அதட்டுவதும் சேர்ந்து கேட்டது. தங்கை அதட்டலைக் காதில் வாங்கவே இல்லை. "கை எப்ப கூடும்னு இங்க இருக்கற டாக்டரைக் கேட்டேன், ஆறு வாரம்கறார்," என்றாள். "அதுக்குள்ள டயர் வாங்கிடு. மூடி நாலையும் நானே இறுக்கறேன். கோடு மட்டும் நீ போடு."