ஏழாம் கிடங்கின் பலகை

திங்கட்கிழமை, காலை ஏழடிக்க ஐந்து நிமிடம். பெர்லிடா ஜீப்னி வண்டியை விட்டு இறங்கினாள். பாலினாவ் வெடிமருந்து டிப்போவின் கேட், காவல் கொட்டகை, அதன் சுவரில் தொங்கும் மாதா படம் எல்லாம் மூன்று மாதத்துக்கு முன் இருந்தபடியே இருந்தன. மலைச்சரிவில் மட்டும், ஏழாம் கிடங்கு இருந்த இடத்தில், வானம் தெரிந்தது.

காவல்காரர் பெர்தோ மரத்தட்டை நீட்டினார்.

"போன், தீப்பெட்டி, லைட்டர், கோபதாபம், எல்லாத்தையும் இதுல வெச்சிட்டுப் போ."

"கோபத்துக்கு டோக்கன் குடுப்பியா அண்ணே?"

"சாயங்காலம் வந்து வாங்கிக்க. அப்படியே பத்திரமா இருக்கும்." சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "உனக்குப் பன்னெண்டாம் நம்பர் கிடங்கு போட்டிருக்காங்க. சைரன் அடிச்சா உள்ள நிக்காத. உடனே வெளியே வந்துடு. என்ன?"

பெர்லிடா கிடங்குக் காப்பாளர். வந்து இறங்கும் பெட்டிகளின் குறிகளைப் பார்த்து, இன்னது என்று அடையாளம் கண்டு, மங்கிய எழுத்தை ஸ்டென்சில் தகடு வைத்து மறுபடி அடித்து, கிடங்கின் கதவில் உரிய பலகையை மாட்டுவது அவள் வேலை. பலகையில் ஓர் எண்தான் இருக்கும். எட்டு மூலைப் பலகையில் ஒன்று என்றிருந்தால், தீப்பிடித்தால் உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே கணத்தில் வெடிக்கும். யாரும் கிட்டே போகக் கூடாது. சாய்த்து மாட்டிய சதுரத்தில் நான்கு என்றிருந்தால் துப்பாக்கித் தோட்டா. பொரிந்து தெறிக்கும், தண்ணீர் அடித்து அணைத்துவிடலாம். எரிகிற கிடங்கின் முன்னால் நின்றுகொண்டு பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இராது. பலகையை நம்பித்தான் போகவேண்டும், அல்லது திரும்பவேண்டும்.

"ஒண்ணுன்னா ஓடு, நாலுன்னா ஊத்து" என்பான் டெல்ஃபின். டிப்போவின் தீயணைப்புப் படைக்குத் தலைவன். பெர்லிடாவின் கணவன். ஏழாம் கிடங்கில் தீப்பிடித்த அன்று மூன்று பேரோடு உள்ளே போனான். நான்கு பேரில் ஒருவருக்குக்கூடச் சவப்பெட்டி நிறைய வைத்துப் புதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

விசாரணை அறிக்கை ஒரு பக்கம்தான். கதவில் எண் ஒன்று இருந்தது. படைத் தலைவர் அதை மதிக்காமல் ஆட்களை உள்ளே அழைத்துச் சென்றார். பலகை தூளாகிவிட்டதால் பதிவேடுதான் சாட்சி. முதலில் அங்கே நான்கை மாட்டியவள் பெர்லிடா. பிறகு அம்மாவை அடக்கம் செய்ய சாமார் தீவுக்குப் போய் இரண்டு வாரம் அங்கேயே இருந்துவிட்டாள், தீப்பிடித்ததும் அப்போதுதான். அந்த இடைவெளியில் சரக்கு மாறியது, பலகையும் ஒன்றாக மாறியது என்று தலைமைப் பரிசோதகர் ஓனோரியோ எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அவளுடைய கல்யாணத்துக்கு ஞானத் தகப்பனாக நின்றவர் அவர். அறிக்கையை அவளுக்குப் படித்துக் காட்டியவரும் அவர்தான். படிக்கும்போது அழுதார்.

செத்த மற்ற மூவரின் மனைவிமார் ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வரவில்லை. ஒருத்தி, அனுப்பிய புட்டுத்தட்டை மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினாள். அழலாம் என்று உட்கார்ந்தால் பெர்லிடாவுக்கு அழுகைக்கு முன் ஆத்திரம் வந்தது. ஒன்றைப் படித்தவன் ஏன் போனான்? ஆம்பிளை என்று யாரிடம் காட்டப் போனான்?

பன்னிரண்டாம் கிடங்கு மண் போர்த்திய நீண்ட கூடு. பட்டப்பகலிலும் உள்ளே பத்தடிக்கு மேல் வெளிச்சம் போகாது. பைன் பலகையும் பழைய மெழுகுத்தாளும் கலந்த வாசனை. கதவில் சதுரப் பலகை, நான்கு. வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போய் எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு பெட்டி, எல்லாவற்றிலும் தோட்டாவுக்கான குறி. பாதுகாப்பான சரக்கு. கிடங்கிலிருந்து கல்லெறி தூரத்தில் தொழிலாளர் குடியிருப்பின் துணிக்கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன.

இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னால் இடி உருண்டது. சைரன் ஊளையிட்டது. மின்னல் எச்சரிக்கை என்றால் எல்லாரும் பூட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். அவள் இரட்டைக் கதவில் ஒன்றைச் சாத்தினாள். சாவிக்கொத்தைப் பெட்டிமேல் வைத்த ஞாபகம் வந்து, இருட்டுக்குள் திரும்பினாள்.

சைரன் நின்றது.

வெளியே சரளைக்கல்லில் பூட்ஸ் சத்தம். கனமான, அவசரமான நடை. பல கால்கள்.

ஈரக் கான்வாஸ் வாடை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, பொசுங்கிய மயிரின் வாடை.

சாத்திய கதவுக்கு அப்பால் கால்கள் நின்றன. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் கேட்டது.

"நம்பர் என்ன?"

புதிய படை ஒத்திகை பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டாள். காப்பாளர் பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் வழக்கம்.

"நாலு."

திறந்திருந்த கதவு வழியாக அவர்கள் உள்ளே வந்தார்கள்.

ஒருவரும் தெரியவில்லை.

சிமெண்டுத் தரையில் ஈரத் தடங்கள் மட்டும் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு ஜோடி. அவளை ஒட்டிக் கடந்தபோது வலதுகைப் பக்கம் காய்ச்சலாகச் சுட்டது. தடங்கள் பெட்டி அடுக்கின்முன் போய் நின்றன. சீறல் சத்தம். எங்கிருந்தோ தண்ணீர் பெட்டிகள்மேல் அறைந்து விழத் தொடங்கியது.

அவள் கொட்டகைக்கு ஓடினாள்.

அங்கே ஒன்பதாம் கிடங்கின் லூமென் வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். இருபது வருடச் சர்வீஸ். அனலில் சிவந்திருந்த பெர்லிடாவின் வலதுகையை ஒருமுறை பார்த்துவிட்டு, இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"உன் வாசலுக்கும் வந்துட்டாங்களா?"

"யாரு அக்கா?"

"தெரியாதவ மாதிரி கேக்காத. மூணு மாசமா வராங்க. பெர்தோ சொல்லலை? அவனுக்கு எதையும் பாதிதான் சொல்ல வரும். சரி, என்ன பதில் சொன்ன?"

"பலகையில இருக்கிறதை. நாலுன்னு."

"உள்ள வந்திருப்பாங்களே."

பெர்லிடா தலையாட்டினாள்.

"எனக்கு அந்தத் தொல்லை இல்ல. என்னோடது பீரங்கிக் குண்டு. 'நம்பர் என்ன?' 'ஒண்ணு.' அவ்வளவுதான், பூட்ஸ் சத்தம் திரும்பி ஓடிடும். ஒரு தடவைகூட வாசப்படிய மிதிச்சதில்ல. உயிரோட இருந்தப்போ என்கிட்ட வம்பு பேசாம போகமாட்டான் உன் புருஷன். இப்ப பாரு, ஒத்த வார்த்தை..."

லூமென் பாதியில் நிறுத்தினாள். தான் சொன்னது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செத்த பிறகும் ஒன்று என்றால் திரும்பிப் போகிறவன், உயிரோடு இருந்தபோது ஒன்றுக்குள் போயிருப்பானா?

எச்சரிக்கை நீங்கிய சைரன் ஒலிக்கும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. பன்னிரண்டாம் கிடங்கில் யாரும் இல்லை. பெட்டிகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. முன்வரிசைப் பெட்டியிலிருந்து பச்சை நிறம் கோடுகோடாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

டிப்போவில் பெட்டிக்கு அடிப்பது எண்ணெய்ப் பெயிண்ட். எந்த மழைக்கும் அசையாது. இது சுவருக்கு அடிக்கும் மட்டச் சரக்கு.

முந்தானைபோல் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தாள். தோட்டாக் குறி கையோடு வந்தது. அதன் அடியில் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. இன்னும் அழுத்தித் துடைத்தாள். ஒன்று, புள்ளி, ஒன்று. கதவில் ஒன்று என்று மாட்டவேண்டிய சரக்கு. கீழே பழைய எழுத்தில் சரக்கின் பெயர்: பாலம் தகர்க்கும் வெடிக்கட்டி. பிறகு தொகுதி எண்.

அடுத்த பெட்டி. அதுவும் அதே. அதற்கடுத்தது.

துண்டில் ஒட்டியிருந்த பொய்யான நான்கைப் பார்த்தாள். நான்கின் காலில் ஒரு சிறிய வெட்டு. அது அவளுடைய ஸ்டென்சில். சாமாருக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் ஓனோரியோ கேட்டு வாங்கியது.

ஓனோரியோ அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. துண்டை மேசைமேல் விரித்தாள். அவர் அதைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், வந்து உட்கார்ந்தார்.

"உட்காரும்மா."

"நிக்கிறேன் நீனோங்." ஞானத் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் வாய் அப்படித்தான் கூப்பிட்டது.

"நீ சாமாருக்குப் போன அந்த மழைக்காலம் ஞாபகம் இருக்கா? மேல இருக்கிற ஆறு கிடங்கும் ரொம்பிப்போச்சு. லாரி கேட்டுல நிக்குது. இறக்குன்னு ராணுவத்துல இருந்து உத்தரவு. ஒண்ணாம் நம்பர் சரக்கைக் குடியிருப்புப் பக்கம் வைக்கக் கூடாதுங்கிறது எனக்கும் தெரியும். ஊரையா நகர்த்த முடியும்? பெட்டியில நம்பரை மாத்தினேன். ஏழுல பாதி, பன்னெண்டுல பாதி. ஒரு மாசத்துக்குத்தான்னு நினைச்சேன்."

"கதவுல என்ன பலகை இருந்துச்சு?"

அவர் துண்டை மடித்து ஓரமாகத் தள்ளினார்.

"நீனோங். என்ன பலகை?"

"நீ மாட்டினதுதான். நாலு. பதிவேட்டை அப்புறம் எழுதினேன்."

"தீப்பிடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"ரோட்டு வளைவுல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வண்டியை நிறுத்தி இறங்கினான். பலகை தெரியாத அளவுக்குப் புகை. என்னைப் பார்த்தான். 'நம்பர் என்ன சார்'னு கேட்டான்."

"நீங்க?"

"ஒண்ணுன்னு சொல்லியிருந்தா, அப்ப ஏன் கதவுல நாலு இருக்குன்னு அடுத்த கேள்வி வந்திருக்கும் பெர்லிடா."

இவர் கையைப் பிடித்து முத்தமிட்டுத்தான் கோயில் படி ஏறியிருந்தாள்.

"நீ என் பொண்ணு மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள்ள சரக்கை நகர்த்திடுறேன். அதுவரைக்கும் பலகை அப்படியே இருக்கட்டும். செத்தவனுக்கு எந்த நம்பரா இருந்தா என்ன?"

"செத்தவன்தான் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கான்" என்றாள் பெர்லிடா.

நேராகப் பன்னிரண்டுக்குப் போய்ச் சதுரப் பலகையைக் கழற்றினாள். எட்டு மூலைப் பலகையை மாட்டினாள். அன்று மாலை மண்டலத் தளபதிக்குக் கடிதம் எழுதினாள்: பெட்டிகளின் எண்ணிக்கை, மேல்குறி, அடிக்குறி, தொகுதி எண், ஓனோரியோ சொன்ன வார்த்தைகள், தேதி, நேரம். பிரதி ஒன்றை லூமெனிடம் கொடுத்து வைத்தாள். லூமென் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "இங்க இருந்து எடுக்க எந்தப் பரிசோதகனுக்கும் தைரியம் வராது" என்றாள்.

செவ்வாய்க்கிழமையும் இரண்டு மணிக்கு இடித்தது. சைரன் ஊதியது. வெளியேற வேண்டியவள் வாசலுக்கு உள்ளேயே நின்றாள்.

பூட்ஸ் சத்தம் வந்தது. ஈரக் கான்வாஸ். பொசுங்கல்.

"நம்பர் என்ன?"

இப்போது குரலை அடையாளம் தெரிந்தது. நேற்றே தெரிந்திருக்க வேண்டும்.

"ஒண்ணு. டெல்ஃபின், ஒண்ணுதான். ஓடிப் போ."

கால்கள் திரும்பவில்லை.

சரளைக்கல்லில் ஒரு பூட்ஸ் மட்டும் நகர்ந்து, அவளுக்கு எதிரே வந்து நின்றது. கன்னத்தில் அனல் அடித்தது. கிசுகிசுப்பாக, காதோரத்தில்:

"நேத்து நாலுன்னியே."

நாற்பத்தொரு வெடிப் பெட்டிகளின் முன்னால் நின்று, ஓனோரியோ சொன்ன அதே எண்ணை, அதே மனிதனுக்கு, அவளும்தான் சொல்லியிருந்தாள்.

அவர்கள் அவளைத் தாண்டி உள்ளே போனார்கள்.

பெட்டி அடுக்கின் பக்கம் ஒரு மெல்லிய சத்தம். டிக். பெட்டியைப் பூட்டி வைக்கும் முத்திரைக் கம்பி அறுபடும் சத்தம். ஆணி முனகியது. ஒரு மூடி தூக்கப்பட்டது. உள்ளே எதையோ தடவிப் பார்க்கும் உரசல். மூடி மறுபடி வைக்கப்பட்டது.

டிக். அடுத்த பெட்டி.

கடைசிப் பெட்டிவரை அவள் அந்த இருட்டில் நின்று கேட்டாள்.

வியாழக்கிழமை மண்டலத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். அறுபட்ட முத்திரைகளைப் பற்றி அவளிடம் இரண்டு மணி நேரம் கேட்டார்கள். அடிக்குறிகளைப் படம் எடுத்தார்கள். பெட்டிகள் மலைக்கு மேலே போயின. ஓனோரியோவை ஜீப்பில் ஏற்றியபோது அவர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. அடுத்த மாதம் திருத்திய அறிக்கை வந்தது: கதவில் எண் நான்கு இருந்தது; படைத் தலைவர் விதிப்படியே நடந்துகொண்டார். கோயில் வாசலில் அதை ஒட்டினார்கள். புட்டுத்தட்டைத் திருப்பி அனுப்பியவள் அன்றைக்கு ஒரு சட்டி மீன்குழம்போடு வந்து பெர்லிடாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

டிப்போவில் அதற்குப் பிறகு யாரும் நம்பர் கேட்கவில்லை. லூமெனிடமும் கேட்கவில்லை. இடி இடித்தால் அந்த நால்வரும் வருவார்கள், எந்தப் பலகை இருந்தாலும் உள்ளே போவார்கள். பூட்டைத் திறந்து பார்த்தால் அறுந்த கம்பிகள் வாசலில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒரு குண்டோ ஒரு தோட்டாவோ குறைந்ததில்லை.

நவம்பரில் ஒரு நாள் பகலெல்லாம் இடித்தது. பெர்லிடா மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே கான்வாஸ் வாடை அடித்தது.

அடுக்களைத் தரையில் அவளுடைய டப்பாக்கள் எல்லாம் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. உப்பு, சர்க்கரை, காப்பித்தூள், அரிசிமாவு. ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் பெயர் இருந்தது. ஒவ்வொன்றின் மூடியும் கழற்றிப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

உப்பில் ஒரு விரல் அழுந்திய குழி. சர்க்கரையிலும் ஒன்று. இரண்டும் இன்னும் ஈரமாக இருந்தன.