பத்தாம் நாள்

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னறையில் யாரோ இருமினார்கள். வாய் நிறைய நுரையோடு அவர் அப்படியே நின்றார். அது அவருடைய சொந்த இருமல். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். லிஃப்ட் கம்பி வடத்தின் சத்தம் இவரிடம் மட்டும் பொய் சொல்லாது என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் காது ஏமாறாது.

புராஸ்டேட்டில் ஊசி விட்டுப் பன்னிரண்டு இடத்தில் சதை எடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. புற்றா இல்லையா என்ற முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றிருந்தார்கள். நடுவில் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுக் கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். சிறுநீரில் இன்னும் ரத்தம் கசிந்தது. மனைவியிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

பின்னறையில், மகன் வெளியூர் போன பிறகு, கட்டிலும் மெத்தையும்தான் கிடந்தன. போய்ப் பார்த்தார். யாருமில்லை. மெத்தையில் ஒரு பள்ளம், தொட்டால் இளஞ்சூடு.

மறுநாள் அவள் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். ஏன் என்றதற்குத் தூசி என்றாள். எட்டாம் நாள் மதியம், வலிக்காத பக்கமாய் ஒருக்களித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவரின் மூக்கில், பினாயிலும் வியர்வையும் நாள்பட்ட மூத்திரமும் கலந்த வாடை கதவிடுக்கு வழியே வந்து ஏற, உள்ளே கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தமும், மகனுக்கு அந்தக் காலத்தில் ஊட்டிய அதே குரலில், இன்னும் ஒரே ஒரு வாய் என்று அவள் கெஞ்சுவதும் கேட்டன.

வெளியே வந்தவளிடம் உள்ளே யாரென்று கேட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா தாங்கிக்கப் பழகிக்கிறேங்க. கொஞ்ச நாள் விடுங்க."

அவர் அன்று தனியாகச் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் காலை டாக்டரே ஃபோனில் கூப்பிட்டார். புற்று இல்லை. வீக்கம்தான், மாத்திரை போதும். அவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் அவளைக் கூப்பிட்டார்.

மறுபடி கூப்பிட்டார். பின்னறையில் அவள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளினார்.

ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலோரம் அவள். கையில் ஈரத்துணி. விரிப்பின் மேல் எலும்பும் தோலுமாய் ஒரு உடம்பு.

முகம் அவருடையது.

"ஒண்ணும் இல்லையாம்," என்றார். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்."

அவள் திரும்பினாள். பத்தே நாளில் பத்து வயது கூடிய முகம். முன்பின் தெரியாதவரைப் பார்க்கிற பார்வை.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண் அசந்தாரு."

கட்டிலில் கிடந்தது கண் திறந்தது.

"யாரு வந்திருக்கிறது?" அவர் குரலிலேயே.

"யாரோ, தெரியலைங்க," என்று அவள் அதன் நெற்றியைத் துடைத்தாள். "நீங்க தூங்குங்க."