மறுபடியும் லேசர் எரர்

ரெக்கார்டு ரூம் அக்கா டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஐந்து ஸ்க்ரூடிரைவர்களை, ஜெராக்ஸ் மிஷினைப் பழுதுபார்க்க வந்த அவன் கையில் வைத்தாள்.

"இந்தா தம்பி. உங்க ஆளுங்க விட்டுட்டுப் போனது. மெக்கானிக்குக்கு ஒண்ணுன்னு சேருது. இன்னும் ரெண்டு வந்தா கடை போட்டுடுவேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. மெக்கானிக் ஹெல்மெட்டை மறப்பான், சாப்பாட்டு டப்பாவை மறப்பான், ஸ்க்ரூடிரைவரை மறக்கமாட்டான். மேலாக இருந்ததில் பச்சை டேப் சுற்றியிருந்தது. கூட வேலை பார்த்த ஒட்டடையுடையது. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக, தோளில் கொஞ்சம் வளைந்து இருப்பான். அதனால் அந்தப் பெயர். மூன்று வாரமாக வேலைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"அந்த நெட்டை ஆளு எப்பக்கா கிளம்பினாரு?"

"யாரு கண்டா? மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு, எட்டிப் பாத்தேன், ஆளைக் காணோம். சொல்லிட்டுப் போற பழக்கமே உங்க கம்பெனியில கிடையாதா?"

அவள் தன் மேஜைக்குப் போனதும் போன் அடித்தது. மனைவி. தலைப்பிரசவம். காலையில் வலி எடுத்து, மாமியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்.

"எங்க இருக்கீங்க?"

"ஒரே ஒரு கம்ப்ளெயிண்டும்மா. அரை மணி நேரம். பறந்து வந்துடறேன்."

"மிஷினுக்கு வலின்னா மட்டும் ஓடுங்க." சொல்லிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தாள். "பிள்ளை வர்றதுக்குள்ள வந்துடுங்க. பயமா இருக்கு."

"சத்தியமா வந்துடுவேன்."

மிஷின் இருந்த உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. கூரை வரை ஃபைல்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே, பழைய காகித நெடியும் சூடான டோனர் மை நெடியும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, தலைக்கு மேலே டியூப் லைட் ஒரு கொசுவைப் போல விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. மிஷினின் சின்னத் திரையில் சிவப்பாக ஒரே வரி: லேசர் எரர்.

அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. மிஷினுக்குள் மூடிய பெட்டி ஒன்று. அதற்குள் ஆறு பட்டை வைத்த சின்னக் கண்ணாடி பம்பரமாகச் சுற்றும். லேசர் அதில் பட்டுத் தெறித்து ஓடும். ஓடுகிற ஒளி மறுமுனை சென்சாருக்குப் போய்ச் சேராவிட்டால் மிஷின் நின்றுவிடும். எதுவோ குறுக்கே இருக்கிறது. பெரும்பாலும் தூசி.

எரரை அழித்துவிட்டு, முழுக் கறுப்பாக ஒரு டெஸ்ட் பக்கம் அடித்தான். ஒளி படாத இடம் மட்டும் வெள்ளையாக விழும்.

விழுந்திருந்தது. ஓரமாக, நெருக்கியடித்துக்கொண்டு, நான்கு வெள்ளைக் கீற்றுகள். நடுவில் தனியாக ஐந்தாவது. நெட்டையாக. தோளில் கொஞ்சம் வளைந்து.

தூசி, என்று வாய்விட்டே சொன்னான். காகிதத்தைக் கசக்கி எறிந்தான்.

பெட்டியைத் திறக்கக் கூடாது, மாற்ற வேண்டும் என்பது கம்பெனி விதி. புதுப் பெட்டி வர நான்கு நாள் ஆகும் என்பதால் எல்லோரும் திறந்து துடைப்பார்கள். மிஷினின் கதவு திறந்திருந்தால் லேசர் அணைந்துவிடும் என்பதால், ஸ்விட்ச் துளையில் அட்டைத் துண்டைச் செருகி மிஷினை ஏமாற்றுவார்கள். ஓடும்போது பார்த்தால்தான் எங்கே மறைக்கிறது என்று தெரியும். அவனும் செருகினான். திருகுகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான்.

கண்ணாடி சுற்றத் தொடங்கியது. முதலில் ஒரு முனகல். பிறகு சீழ்க்கை. அந்தச் சீழ்க்கைக்குள் யாரோ பேசுவது போல் இருந்தது.

குனிந்தான்.

இன்னும் கொஞ்சம்.

சிவப்பாக ஏதோ கண்ணில் கீறியது. ஒரே ஒரு முறை சிமிட்டினான்.

இருட்டு.

சீழ்க்கை இப்போது எல்லாப் பக்கமும் கேட்டது. காலடியில் தரை சூடாக அதிர்ந்தது. பக்கத்தில் மூச்சுச் சத்தம். ஒன்றல்ல.

"தள்ளி நில்லுடா," என்றது ஒட்டடையின் குரல். "வெளிச்சம் வரப்போகுது."

"டேய்... இது எங்கடா?"

"குறுக்க மட்டும் நிக்காத. நின்னா எரர் வரும். எரர் வந்தா இன்னொருத்தனை அனுப்புவாங்க. அவனும் குனிஞ்சு பாப்பான்."

"அப்ப நீ எதுக்குடா நின்ன?"

இருட்டில் ஒட்டடையின் கை அவன் தோளைத் தேடிப் பிடித்தது.

"யாராவது திறந்து வெளிய எடுப்பாங்கன்னு நினைச்சேன். நீ வந்த."

அவன் கத்தினான். சீழ்க்கை அதை விழுங்கியது. மேலே, எங்கோ வெகு உயரத்தில், அக்காவின் குரல் இடி போல உருண்டது. "ஓடுது போலிருக்கே. பாரு, இவரும் சொல்லாமப் போயிட்டாரு."

மூடி விழுந்தது. கதவு சாத்தப்பட்டது. வெளியே அவன் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்காதான் எடுத்தாள்.

"யாரும்மா... உன் வீட்டுக்காரரா? போனை இங்கயே வச்சுட்டாரு. கிளம்பிட்டாரும்மா. வந்துட்டே இருப்பாரு. அழாத. மூச்சை நல்லா இழுத்து விடு."

காகிதம் உள்ளே இழுபடும் சத்தம்.

இருட்டின் கோடியில் சிவப்புப் புள்ளி ஒன்று எழுந்தது. ஐந்து பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டடை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வேணாம்டா. வர்றவனுக்கும் ஒரு வீடு இருக்கும்."

தெரியும்.

சட்டையை உதறினான். நடுவே ஓடினான். பாய்ந்து வரும் வெளிச்சத்துக்கு எதிரே, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, அசையாமல் நின்றான்.